பழைய படத்துக்கு ஏஐ வண்ணம்: முகம் மாறாமல் பார்த்துக்கொண்ட விதம்

பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஏஐ வண்ணம் ஏற்றித் தந்தது. ஆனால் முகம் மெழுகுபோல வழவழப்பாகி, கன்னத்து மச்சம் காணாமல் போயிருந்தது. கைகளோ சாம்பல் நிறத்திலேயே நின்றன.

படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, பழுப்புச் சாயல் போக கிரேஸ்கேலுக்கு, அதாவது வெறும் கறுப்பு வெள்ளை சாம்பலுக்கு மாற்றினேன். அதை படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் திறந்து, வண்ணம் ஏற்கும்படி ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி, ஏஐ தந்த படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து மேல் லேயராக (அடுக்காக) வைத்தேன். லேயர் மோடை, அதாவது மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கலக்கும் விதத்தை, ‘LCh Color’ என்று மாற்றியதும் மேலிருந்து நிறம் மட்டும் இறங்கியது. வெளிச்சமும் நுணுக்கமும் அசல் ஸ்கேனுடையவை. மச்சம் திரும்பி வந்தது. எனக்கு அதுதான் முக்கியம், அவரை அவராகவே பார்க்க வேண்டும்.

கைகளுக்கு அதே மோடில் இன்னொரு லேயர். முகத்திலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தடவினேன்.

அப்புறம் உடை. ஏஐ அதற்கு மங்கிய பழுப்பு கொடுத்திருந்தது. வெவ்வேறு நிறங்கள் ஒரே சாம்பலாகப் பதியக்கூடும் என்பதால், ஏஐ செய்வது ஊகம்தான். பழைய பிலிம்களில் ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகை சிவப்பை உணராது. அதில் சிவப்புத் துணி கிட்டத்தட்ட கறுப்பாகவே விழும். அத்தையிடம் கேட்டேன், அடர் சிவப்பு என்றார். அப்படியே மாற்றினேன்.

வண்ணமில்லாத ஸ்கேனைத் தனியாக வைத்திருக்கிறேன். வண்ணப் பிரதியின் பெயரிலேயே ‘உடை நிறம் அத்தை சொன்னது, மற்றவை ஊகம்’ என்று சேர்த்துவிட்டேன்.