அடுப்பு மாதிரி நினைச்சு பண்ற தப்புகள்: ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ், எலக்ட்ரிக் குக்கர்ல சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

புதுசா ஒரு ஏர் ஃப்ரையரோ எலக்ட்ரிக் குக்கரோ வாங்கினா முதல் வாரம் எல்லாத்தையும் அதுலயே சமைப்போம், ரெண்டாவது வாரம் ஒண்ணு கருகும் ஒண்ணு வேகாம நிக்கும், மூணாவது வாரம் அது பரண் மேல ஏறிடும். கேட்டா மெஷின் சரியில்லைன்னு சொல்வாங்க. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் மெஷின்ல கோளாறே கிடையாது, கேஸ் அடுப்புல சமைச்ச கைப்பழக்கத்தை அப்படியே இங்கயும் கொண்டு வர்றதுதான் பிரச்சனை. அடுப்புல தீ கீழ எரியுது, கண்ணுக்குத் தெரியுது, கூட்டலாம் குறைக்கலாம். இதுங்கள்ல சூடு ஒண்ணுல மேல இருந்து காத்தா வருது, ஒண்ணுல சாப்பாட்டுக்குள்ளயே உண்டாகுது, இன்னொண்ணுல மூடின பாத்திரத்துக்குள்ள அழுத்தமா இருக்கு. சமைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "இதுல சூடு எங்கிருந்து வருது"ன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பார்த்தா கீழ நான் சொல்ற தப்புகள்ல பாதி உங்களுக்கே பிடிபட்டுடும்.

முதல்ல ஏர் ஃப்ரையர், ஏன்னா அதிகமா தப்பு நடக்கிறது இதுலதான். பேர்ல ஃப்ரையர்னு இருந்தாலும் உள்ள நடக்கிறது பொரிக்கிறது கிடையாது. மேல ஒரு ஹீட்டிங் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், அந்த சூடான காத்து வேகமா சுத்தி வந்து சாப்பாட்டை வறுக்குது, அவ்வளவுதான், சின்ன சைஸ்ல ஒரு கன்வெக்ஷன் ஓவன். 2010ல பிலிப்ஸ் கம்பெனி இந்தப் பேர்ல கொண்டு வந்த பிறகுதான் இது பரவலாச்சு. காத்துதான் சமைக்குதுன்னா காத்து படாத இடம் வேகாது, இதை மறந்துட்டு கூடையை விளிம்பு வரைக்கும் ரொப்பிடுறோம்.

உருளைக்கிழங்கையே எடுத்துக்கோங்க. அரைக் கிலோ கிழங்கை விரல் மொத்தத்துக்கு நறுக்கி அப்படியே கொட்டி 180 டிகிரி வச்சுட்டு போனா என்ன ஆகும்? மேல இருக்கிற துண்டு எல்லாம் ஓரம் கருக்கும், நடுவுல இருக்கிறது ஆவியிலேயே வெந்து தொளதொளன்னு இருக்கும், அடியில இருக்கிறது வெளுத்துப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதே கிழங்கை நறுக்கினதும் ரெண்டு தண்ணி அலசி, அரை மணி நேரம் ஊற வச்சு, எடுத்து துணியில ஈரம் போக நல்லா துடைச்சு (இந்த துடைக்கிற வேலையைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க), ஒரு டீஸ்பூன் எண்ணெயைப் பிசறி, கூடையில ஒரே அடுக்கா பரப்பி, பாதி நேரத்துல ஒரு தடவை வெளிய எடுத்து நல்லா குலுக்கி வச்சுப் பாருங்க. ரெண்டு தவணையா போட வேண்டியிருக்கும்தான், ஆனா மொறுமொறுப்பு வரும். ஈரம் இருந்தா முதல்ல அந்தத் தண்ணி ஆவியாகுற வரைக்கும் மேல்தோல் 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரைக்கும் சிவக்கவும் சிவக்காது. ஊற வைக்கிறதுல இன்னொரு நன்மையும் இருக்கு. மாவுச்சத்து உள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல வறுக்கும்போது அக்ரிலமைடுன்னு ஒரு வேண்டாத பொருள் உண்டாகுது, ஊற வச்சா அது குறையும். அதே காரணத்துக்காகத்தான் பொன்னிறம் வந்ததும் எடுத்துடுங்கன்னு சொல்றேன், கரும்பழுப்பு ஆகுற வரைக்கும் விடாதீங்க.

ஓவனுக்கு எழுதின ரெசிபியை இதுல அப்படியே போடுறதும் தப்பு. இடம் சின்னது, காத்து வேகம் அதிகம், அதனால 200 டிகிரின்னு இருந்தா 180 வச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே திறந்து பார்க்கணும். திறந்தா சூடு போயிடுமேன்னு பயப்பட வேணாம், மூடின உடனே திரும்ப ஏறிடும். அப்புறம் தண்ணியா கரைச்ச மாவுல முக்கி உள்ள போடாதீங்க, எண்ணெய்ல விழுந்த உடனே மாவு இறுகிக்கும், காத்துல இறுகாது, ஒழுகி கீழ போய் ஒட்டிக்கும். பிரெட் தூள் மாதிரி உலர்ந்த பூச்சுதான் இதுக்கு சரி.

பேக்கிங் பேப்பர் விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. ப்ரீஹீட் பண்ணும்போதே, அதாவது சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி மெஷினை சூடாக்கும்போதே, வெறும் பேப்பரை உள்ள போட்டா ஃபேன் காத்துல பறந்து மேல காயில்ல ஒட்டி தீப்பிடிக்கலாம். சாப்பாட்டோட எடை மேல இருக்கும்போது மட்டும்தான் பேப்பர், அதுவும் கூடையை முழுசா அடைக்காத அளவுல. கேன்ல வர்ற குக்கிங் ஸ்ப்ரேயையும் கூடையில அடிக்காதீங்க, அதுல நிறைய வகைகள்ல லெசிதின் கலந்திருக்கும், அது நான்ஸ்டிக் மேல பிசுபிசுன்னு ஒரு படலமா படிஞ்சு எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, தேய்ச்சு தேய்ச்சு கோட்டிங்தான் போகும். சாதா எண்ணெயை பிரஷ்ல தடவினாலே போதும்.

மைக்ரோவேவுக்கு வருவோம். "இது உள்ள இருந்து வெளிய வேக வைக்கும்"னு பல பேர் நம்புறாங்க, அது சரியில்லை. அந்த அலைகள் சாப்பாட்டுக்குள்ள சுமாரா 2, 3 சென்டிமீட்டர் ஆழம்தான் போகும், அங்க இருக்கிற தண்ணியை சூடாக்கும், அதுக்கு உள்ள இருக்கிற பகுதிக்கு சூடு மெதுவா பரவித்தான் ஆகணும். போதாததுக்கு பெட்டிக்குள்ள சில இடத்துல அலை பலமா இருக்கும் சில இடத்துல இருக்கவே இருக்காது, அதுக்காகத்தான் தட்டு சுத்துது. நேத்து மீந்த சாதத்தை கிண்ணத்துல குவிச்சு வச்சு ரெண்டு நிமிஷம் சுத்த விட்டா ஓரம் காஞ்சு கல்லு மாதிரி இருக்கும், நடுவுல விரலை விட்டா ஜில்லுன்னு இருக்கும். குவிக்காம தட்டுல பரப்பி, நடுவுல ஒரு குழி விட்டு, ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, மூடியை லேசா திறந்த மாதிரி போட்டு, பாதியில ஒரு தடவை கிளறி விட்டு, நின்ன பிறகு ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க. அந்த ரெண்டு நிமிஷமும் சமையல்ல சேர்த்திதான், அப்பதான் சூடு சமமாகுது. மீந்த சாப்பாடு எதுவா இருந்தாலும் உள்ள 74 டிகிரி வரைக்கும் சூடேறணும்னு அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்லுது. தெர்மாமீட்டர் இல்லைன்னா நடுவுல இருந்தும் நல்லா ஆவி பறக்குதான்னு பாருங்க.

பவர் லெவல் பட்டனை தொடாமலே பல வருஷம் ஓட்டுறவங்க இருக்காங்க. சாதாரண மைக்ரோவேவ்ல 50 சதவீதம்னு வச்சா அலை பாதி பலத்துல வராது, கொஞ்ச நேரம் முழுசா வரும், கொஞ்ச நேரம் நிக்கும். காது கொடுத்து கேட்டா அந்த உறுமல் சத்தம் ஏறி இறங்குறது தெரியும். நிக்கிற நேரத்துல சூடு உள்ள பரவும், அதனால ஃப்ரீஸர்ல இருந்து எடுத்தது, வெண்ணெய், முட்டை, பால் சேர்ந்தது எல்லாத்துக்கும் குறைஞ்ச பவர், கூடுதல் நேரம்தான் சரி. பாக்கெட்ல 1000 வாட்ஸுக்கு 4 நிமிஷம்னு போட்டிருந்து உங்களோடது 800 வாட்ஸா இருந்தா 5 நிமிஷம் ஆகும், இந்த கணக்கு பார்க்காமத்தான் அரைவேக்காடா வருது. முட்டையை ஓட்டோட வைக்காதீங்க, வெடிக்கும், வேக வச்ச முட்டையை ஓடு உரிச்சுட்டு திரும்ப சூடு பண்ணினாலும் கடிக்கும்போது வெடிக்கலாம். முழு உருளைக்கிழங்குன்னா முள்கரண்டியால நாலஞ்சு இடத்துல குத்திட்டு வைங்க. வழவழன்னு இருக்கிற கப்புல வெறும் தண்ணியை ரொம்ப நேரம் சூடாக்கினா கொதிக்காமலே 100 டிகிரியைத் தாண்டிடும், எடுத்து காபித்தூளைப் போட்ட அடுத்த நொடி பொங்கி கையில கொட்டும், இது சும்மா பயமுறுத்துற விஷயம் கிடையாது. உள்ள வைக்கும்போதே ஒரு மரக் கரண்டியைப் போட்டு வைங்க, தேவைக்கு மேல நேரமும் வைக்காதீங்க.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கருக்கு சாதம் வெந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியுது? பாத்திரத்துக்கு அடியில நடுவுல வட்டமா ஒண்ணு ஸ்பிரிங் மேல உக்காந்திருக்கும் பாருங்க, அதுதான் சூட்டை உணருது. தண்ணி இருக்கிற வரைக்கும் பாத்திரம் 100 டிகிரி பக்கத்துலயே நிக்கும், அரிசி எல்லாத் தண்ணியையும் குடிச்சதும் சூடு சட்டுன்னு ஏறும், உடனே டக்குன்னு சுவிட்ச் மேல வந்துடும். அப்ப அந்த வட்டத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல ஒரே ஒரு அரிசி கிடந்தாக் கூட கணக்கு தப்பிடும். ஒரு தடவை எங்க வீட்ல சாதம் தொடர்ந்து ஒரு வாரம் அடிப்பிடிச்சுது, தண்ணியைக் கூட்டிப் பார்த்தோம் குறைச்சுப் பார்த்தோம், கடைசியில பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தா அடியில காஞ்ச பருக்கை ஒண்ணு கருகி ஒட்டியிருந்தது. பாத்திரத்தோட வெளிப்பக்கத்தை துடைச்சுட்டு வைக்கிறதும், அதுக்கு அடியில இருக்கிற சூடாகுற தட்டை ஒரு தடவை பார்க்கிறதும் தினமும் செய்ய வேண்டியது.

கூட வர்ற அளவுக் கப்பு பெரும்பாலும் 180 மில்லி, ரெசிபில சொல்ற கப்பு 240 மில்லி, ரெண்டையும் கலந்து அளந்தா சாதம் குழையும் இல்லை விறைக்கும். சுவிட்ச் மேல வந்த பிறகு பத்து நிமிஷம் திறக்காதீங்க. முக்கியமா, கரண்ட்டை நிறுத்திட்டு சாதத்தை ராத்திரி முழுக்க உள்ளயே விடாதீங்க. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட வித்துகள் கொதிச்சாலும் சாகாது, வெதுவெதுப்புல முளைச்சு நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஒண்ணு வார்ம்ல 60 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லைன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான பாத்திரத்துல பரப்பி ஆற வச்சு ஃப்ரிட்ஜுக்குப் போகணும்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்ல மூணு விஷயம். மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொப்பக் கூடாது, பருப்பு பயறு தானியம்னா பாதிதான், நுரைச்சு வால்வை அடைக்கும். வெங்காயம் வதக்கின பிறகு அடியில ஒட்டினதை கொஞ்சம் தண்ணி விட்டு சுரண்டி விடாம மூடினா அடிப்பிடிக்குதுன்னு மெஷின் பாதியில நிறுத்திடும், தக்காளி விழுது மாதிரி கெட்டியானதை கிளறாம மேலாப்ல போடுறதும் இதுக்குத்தான். மூணாவது, 10 நிமிஷம்னு போட்டா அது அழுத்தம் ஏறின பிறகு ஆரம்பிக்கிற 10 நிமிஷம், ஏறவும் இறங்கவும் ஆகுற நேரத்தையும் சேர்த்துக்கோங்க.

ஸ்லோ குக்கர் வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு ராஜ்மாவை, அதாவது சிவப்பு கிட்னி பீன்ஸை, நேரா அதுல போடாதீங்க. அதுல இயற்கையாவே ஒரு நச்சுப் புரதம் இருக்கு, நல்லா கொதிச்சாத்தான் அழியும், ஸ்லோ குக்கரோட மிதமான சூட்டுல அழியாம இன்னும் வீரியமாகலாம், அரைவேக்காட்டுல நாலஞ்சு பயறு சாப்பிட்டாலே கடுமையான வாந்தி வயிற்றுப்போக்கு வரும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில அடுப்புல தளதளன்னு அரை மணி நேரம் கொதிக்க விட்டுட்டு அப்புறம் மாத்துங்க. ஐஸா உறைஞ்ச கறியையும் அதுல போட வேணாம், சூடேறவே பல மணி நேரம் ஆகும், அதுக்குள்ள கிருமி பெருகிடும்.

சூப்புக்கு வேக வச்சதை சுடச்சுட மிக்ஸியில அடிக்கிறவங்களுக்கு: இறுக்கமா மூடின ஜார்ல ஆவி அடைஞ்சு மூடியைத் தூக்கி அடிக்கும். கொஞ்சம் ஆற விடுங்க, மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க. இண்டக்ஷன்ல நான்ஸ்டிக் பாத்திரத்தை காலியா வச்சுட்டு நறுக்கப் போகாதீங்க, அடுப்பை விட வேகமா சூடேறி 260 டிகிரியைத் தாண்டினா கோட்டிங் கெட்டு புகை விட ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் மாட்டுற பிளக்கையும் பாருங்க. வாட்ஸை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர், 230 வோல்ட்ல 1500 வாட்ஸ் ஏர் ஃப்ரையர் ஒண்ணே ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல 1500 வாட்ஸ் கெட்டிலையும் மாட்டினா பதிமூணைத் தாண்டிடும், பல பாக்ஸோட ஒயர் அதைத் தாங்காது. சூடாக்குற சாதனம் எதுவா இருந்தாலும் நேரா சுவர் சாக்கெட்ல, ஒரு நேரத்துல ஒண்ணு. பின்பக்கம் காத்து வெளிய போற இடத்துல சுவரோட ஒட்டாம ஒரு கை அகலமாவது இடம் விடுங்க, சமைச்சு முடிச்சதும் பிளக்கைக் கழட்டி, ஆறின பிறகு ஈரத்துணியால துடைச்சு வைங்க, மோட்டாரும் காயிலும் இருக்கிற பாகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குழாய்க்கு அடியில பிடிக்காதீங்க.