‘ஹேவ்’ என்ற வினைச்சொல்: நாம் சறுக்கும் இடங்கள்

"ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்." நேர்காணல்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவருக்குத் துறை அறிவு நன்றாகவே இருக்கும், ஆங்கிலமும் பெரிதாகத் தடுமாறாது. ஆனால் ‘ஹேவ்’ வந்ததும் ஒரு ‘ஐஎன்ஜி’ ஒட்டிக்கொள்கிறது. சரியான வாக்கியம் இதைவிடச் சின்னது: "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்."

இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம்முடைய ‘இரு’ என்ற வினை செய்யும் வேலை இது. ஆங்கில ‘ஹேவ்’வுக்கு நேரான ஒரு சொல் தமிழில் இல்லை. "எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க" என்கிறோம். பொருளாக இருந்தால் "பைக் வைத்திருக்கிறேன்" என்கிறோம். இந்த ‘வைத்திருக்கிறேன்’ காதுக்கு ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ மாதிரியே முடிகிறது. அதற்கு ‘ஐ ஆம் ரீடிங்’ என்றால் இதற்கு ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று மனசு தானாகப் போட்டுவிடுகிறது.

அண்ணன் இருப்பதும் பைக் இருப்பதும் செய்துகொண்டிருக்கும் காரியங்கள் அல்ல; நிலைமைகள். உறவு, உடைமை, உடம்புக்கு வந்த நோய், மனதில் உள்ள எண்ணம் எதுவானாலும் வெறும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ போதும். "மை ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்." "ஐ ஹேவ் எ ஃபீவர்." (அந்த ‘எ’யை விட்டுவிடாதீர்கள்.) வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகள் "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" என்பார்கள். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று பழக்கிவிடுவது நல்லது. நம்மூரில் டவுட் என்றால் கேள்வி. வெளிநாட்டுக்காரர் காதில் அது, நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதுபோல் விழக்கூடும்.

அதற்காக ‘ஹேவிங்’ என்ற சொல்லையே விலக்கி வைப்பது இன்னொரு தவறு. சாப்பிடுவது, குளிப்பது, சிரமப்படுவது, சந்தோஷமாகப் பொழுதைக் கழிப்பது போன்ற பொருள்களில் ‘ஹேவ்’ வரும்போது அது நடந்துகொண்டிருக்கும் செயல்தான். "ஹி இஸ் ஹேவிங் லஞ்ச்", "வி ஆர் ஹேவிங் எ குட் டைம்" இரண்டிலும் பிழை இல்லை. "ஷி ஹேஸ் எ பேபி" என்றால் அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார், அல்லது இப்போது பிரசவம் நடக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குழந்தையைப் பற்றிப் பேசும்போது இரண்டாவதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வாழ்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்து, காலம் குழம்பும் இடங்கள். "அஞ்சு வருஷமா இங்கே வேலை பாக்குறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அப்படியே கொண்டுபோனால் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று ஆகிவிடும். முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் விஷயத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ வேண்டும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." எவ்வளவு காலம் என்று அளவு சொன்னால் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. 2020-லிருந்து என்றால் ‘சின்ஸ் 2020’.

முடிந்துபோன ஒரு நாளையோ வருடத்தையோ குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ அங்கே நிற்காது. தமிழில் "2019-ல் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன்" என்பது இயல்பான பேச்சு. ஆங்கிலத்தில் அது "ஐ வென்ட் தேர் இன் 2019" தான். "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" தவறு, "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" சரி.

இதைவிட அதிகம் பரவியிருப்பது ‘ஹேட்’. "நேற்று பேங்க்குக்குப் போயிருந்தேன்" என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! அந்தப் ‘போயிருந்தேன்’ அப்படியே ‘ஹேட் கான்’ ஆகி, "யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த பேங்க்" என்று அலுவலக மெயில்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘ஐ வென்ட்’ போதும். இறந்தகாலத்தில் இரண்டு சம்பவங்கள் இருந்து, அவற்றில் முன்னால் நடந்தது எது என்று காட்ட வேண்டும்போதுதான் இந்த ‘ஹேட்’ தேவை: "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்." நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டிருந்தது. மெயிலை அனுப்புவதற்கு முன் ‘ஹேட்’ என்று எழுதிய இடங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். அந்த ‘முன்னால்’ என்ற அர்த்தம் இல்லாத இடத்தில் எடுத்துவிடலாம்.

‘டிட்’, ‘டஸ்’ பக்கத்தில் வந்தால் ‘ஹேவ்’ உருமாறாது. "டஸ் ஹி ஹேவ் எ கார்?", "ஐ டிட் நாட் ஹேவ் டைம்." காலத்தையும் ஆளையும் அந்த உதவி வினைகளே சுமந்துவிடுகின்றன, ‘டஸ் ஹி ஹேஸ்’, ‘டிட் நாட் ஹேட்’ இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. "மேனேஜர் டெல்லிக்குப் போயிருக்கிறார்" என்ற தமிழ் வாக்கியம், அவர் இப்போது டெல்லியில் இருக்கிறார் என்றும் பொருள்படும், எப்போதோ போய் வந்த அனுபவம் உண்டு என்றும் பொருள்படும். பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான் டு டெல்லி’. போய் வந்துவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன் டு டெல்லி’. அதனால், நான் இரண்டு முறை போயிருக்கிறேன் என்பதற்கு "ஐ ஹேவ் பீன் டு டெல்லி ட்வைஸ்" என்பதுதான் சரி. ‘ஹேவ் கான்’ சரிவராது. போனில் ஒருவர் மேனேஜரைக் கேட்கும்போது இதில் கவனம் தேவை. "ஹி ஹேஸ் பீன் டு டெல்லி" என்று சொல்லிவிட்டால், அவர் திரும்பி வந்துவிட்டார் போலிருக்கிறது, இப்போது லைனைக் கொடுப்பார்கள் என்று அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார்கள்.