கராத்தே தெரிந்தும் அடி வாங்குவது ஏன்?

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பச்சை பெல்ட் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "மாஸ்டர், இதெல்லாம் நெஜச் சண்டையில வேலைக்கு ஆகுமா?" என்று கேட்டான்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவனும் இன்னொருவனும் ஜோடியாகப் பயிற்சி செய்ததைப் பார்த்திருந்தேன். ஒருவன் ஓரடி முன்னால் வைத்துக் குத்துகிறான்; குத்திய கையை அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறான். மற்றவன் அதை மேலே தட்டிவிட்டு, நிதானமாக வயிற்றில் ஒரு குத்து விடுகிறான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். சண்டை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதார நம்பவும் செய்தேன்.

கராத்தேயின் அடிகள் பெரும்பாலும் உருப்படியானவை. அவற்றை நாம் பழகும் முறையில்தான் கோளாறு. மூச்சை அடக்காதே, கட்டைவிரலை முஷ்டிக்குள் வைக்காதே என்பதையெல்லாம் எந்த மாஸ்டரும் முதல் வாரமே சொல்லிவிடுவார். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

போட்டியைச் சண்டை என்று நினைப்பது

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7. ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் குமிதே, அதாவது நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தின் இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமெதி 4–1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலைப்பக்கம் இறங்கியது. கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப்பாடு இல்லாமல் அடித்ததற்காக ஹமெதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் கீழே விழுந்தவருக்குப் போனது.

அந்தப் போட்டியின் விதிப்படி தீர்ப்பு சரிதான். ஆனால் இதிலிருந்து கற்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த உதை வேலை செய்தது. அது வேலை செய்யாதபடி கடைசி நொடியில் இழுத்துக்கொள்ளத்தான் போட்டிக்காரர்கள் வருடக்கணக்கில் உடம்பைப் பழக்குகிறார்கள். தொட்டதும் துள்ளிப் பின்வாங்கி, நடுவர் கொடியைப் பார்க்கிற உடம்பு தெருவிலும் அதையேதான் செய்யும். போட்டிக்குப் போங்கள். வேகமும் தூரக் கணக்கும் அங்கே வருகிற மாதிரி வேறெங்கும் வராது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது குத்துப் பையிலும் மெத்தை போன்ற பேடிலும் முழு பலத்தோடு, இழுத்துக்கொள்ளாமல் அடியுங்கள்.

நீட்டி நிற்கும் கையைத் தடுத்துப் பழகுவது

இன்றும் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறுதான். மற்றவை ஒரு பல்லோடு, ஒரு விரலோடு போகும். இது ஆளையே ஏமாற்றிவிடும்.

எனக்குப் பத்தொன்பது வயது, பிரவுன் பெல்ட். மாவட்ட அளவில் பாக்ஸிங் ஆடிய நண்பன் ஒருவன் மொட்டை மாடியில் லேசாக ஆடிப் பார்க்கலாம் என்றான். அவன் இடது கையால் ஒரு ஜாப், அதாவது வேகமான நேர்க்குத்து விட்டான். நான் ஆயிரக்கணக்கான முறை பழகிய அகே உகேவை, அதாவது நெற்றிக்கு மேல் எழும்பும் தடுப்பைப் போட்டேன். என் கை மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் கை அங்கே இல்லை. திரும்பிப் போய், மறுபடி வந்து, உயர்ந்திருந்த என் முழங்கைக்குக் கீழே புகுந்து வாயில் விழுந்தது. முன்பல் ஓரம் உடைந்தது. இன்றும் நாக்கு அங்கே போய்த் தட்டும்.

மறுநாள் என் அன்றைய ஆசிரியரிடம் சொன்னேன். தடுப்பு சரியாக இல்லை, இன்னும் ஆயிரம் முறை போடு என்றார். போட்டேன். அடுத்த மாதம் அதே மாடியில் அதே இடத்தில் அதே அடி விழுந்தது.

கணக்கு எளிது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகும். கைநீளத் தூரத்திலிருந்து வரும் ஜாப் அதற்குள் கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிடும். இடுப்பிலிருந்து நெற்றி வரை போகும் ஒரு பெரிய அசைவுக்கு அங்கே நேரமே இல்லை. பயிற்சியில் அது வேலை செய்வதற்கு மூன்று காரணங்கள்: எதிராளி இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறான், எங்கே அடிக்கப்போகிறான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறான், அடித்த பிறகு கையை எடுப்பதில்லை. தெருவில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

அப்படியானால் அகே உகே பொய்யா? இல்லை. 'உகே' என்பது 'வாங்குதல், ஏற்றல்' என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. நாம்தான் அதைப் 'பிளாக்' என்று சுருக்கிவிட்டோம். கட்டாவில், அதாவது தனியாகப் போடும் அசைவுத் தொடரில், அந்த அசைவை மெதுவாகச் செய்து பாருங்கள். முதலில் ஒரு கை முகத்துக்கு முன்னால் குறுக்கே போகிறது; அதற்குப் பின்னால் மற்ற கை எழும்புகிறது. முன்னால் போகும் சின்ன அசைவுதான் அடியைத் தட்டி ஒதுக்குகிறது, பிடிக்கிறது. பின்னால் எழும்பும் முன்னங்கை எதிராளியின் தாடைக்கோ கழுத்துக்கோ போகும் அடி. நாம் 'தயார் நிலை' என்று அலட்சியமாகக் கடந்துபோகும் பாதியில்தான் தற்காப்பு இருக்கிறது.

இது எப்படித் தொலைந்தது என்பதற்குக் கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவின் வரலாற்றில் ஒரு பதில் உண்டு. 1900களின் தொடக்கத்தில் இதோசு அங்கோ என்ற ஆசிரியர் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். இன்று ஹெயான் என்று நாம் போடும் பினான் கட்டாக்கள் அவர் வழியாக வந்தவை. பையன்களை வரிசையில் நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி, உடற்பயிற்சியாகப் போட வைத்த முறை அது. பிள்ளைகளுக்குக் கழுத்தில் அடிப்பதைச் சொல்லிக்கொடுப்பதைவிடத் தடுப்பு என்று சொல்வது பத்திரம்தான். அதே இதோசு 1908இல் எழுதிய கடிதத்தில், கராத்தே ஒரே ஓர் எதிராளியோடு மோதிப் பார்ப்பதற்கானது அல்ல, முரடன் எவனாவது வழிமறித்தால் காயப்படாமல் தப்பிப்பதற்கானது என்று தெளிவாகச் சொல்கிறார். முரடன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று வணக்கம் போட்டுவிட்டு வரமாட்டான். சட்டையைப் பிடிப்பான், தள்ளுவான், வலது கையைக் காட்டுத்தனமாக வீசுவான்.

இதைப் புரிந்துவைத்திருந்தவர் ஒக்கினாவாக் கராத்தேக்காரர் மோதோபு சோகி. 1920களின் தொடக்கத்தில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், கியோத்தோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரரை வீழ்த்தியவர். 1925இல் 'கிங்' என்ற பத்திரிகை அந்தச் சம்பவத்தை எழுதியபோது, படத்தில் இன்னொரு கராத்தே ஆசிரியரான ஃபுனாகோஷி கிச்சினின் உருவத்தைப் போட்டுவிட்டது. அந்த மனத்தாங்கலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மோதோபு வலியுறுத்தியது 'மெயோதோதே', கணவன் மனைவி போல இணைந்திருக்கும் இரு கைகள். இரண்டும் முன்னால், ஒன்றுக்கொன்று பக்கத்தில், ஒன்று தட்டும்போதே மற்றது அடிக்கும். அவருடைய ஜோடிப் பயிற்சிகள் நெருங்கி நின்று செய்பவை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஆறு வருடங்கள் உதவி ஆசிரியராக அந்தப் பழைய முறையையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள் என்பது ஒரு காரணம். என்னிடம் படித்த ஒரு பெண் பிளாக் பெல்ட் வாங்கினாள், பதக்கங்கள் வாங்கினாள். ஒருநாள் மாலை பஸ் ஸ்டாப்பில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவளுக்குக் கை கால் ஓடவில்லை. சத்தம் போட்டதால் ஆட்கள் வந்தார்கள், தப்பித்தாள். என்னிடம் வந்து அழுதபோது அவள் சொன்னது: "பத்து வருஷத்துல ஒருத்தர்கூட என் கையைப் புடிச்சு இழுத்ததே இல்ல மாஸ்டர்." உண்மைதான். ஒருவரும் இழுத்ததில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு என் வகுப்பை மாற்றினேன். வடிவம் சரியாக வருவதற்காக, ஒரே அடியைத் தடுத்துப் பழகும் அந்த இப்போன் குமிதேயைப் பத்து நிமிடம் போடுவோம், அதோடு சரி. அப்புறம் இருபது நிமிடம் வேறு விதம். தொடக்கமே கைநீளத் தூரத்தில். அடிப்பவன் கையை உடனே இழுத்துக்கொள்வான், ஒன்றோடு நிறுத்தமாட்டான். சில நாள் சட்டையைப் பிடித்து ஆரம்பிப்போம், சில நாள் சுவரோடு சாய்த்துத் தள்ளி. தற்காப்பவர் முதல் மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தலையை இரண்டு கைகளாலும் மூடி, உள்ளே புகுந்து, ஒரு கையைப் பிடித்துக் கட்டுவது. பேட் போட்டுக்கொண்டு, முப்பது நொடி. அடுத்த மாதம் பிடித்த பிறகு ஓர் அடி. மூன்றாம் மாதம்தான் கட்டாவிலிருந்து எடுத்த அசைவுகள். முதல் வாரம் எல்லோருக்கும் வடிவம் கலையும். கலையட்டும். பெற்றோர் சிலர் "ஸ்டைலே இல்லையே" என்று வருத்தப்படுவார்கள். அவர்களை உட்கார வைத்து நானே விளக்குகிறேன்.

இடுப்பில் கை

ஒரு கையால் குத்தும்போது மற்றதைச் சும்மா இடுப்பில் வைப்பது தவறு. பின்னால் போகும் அந்தக் கை எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஹிகிதே, அதாவது இழுக்கும் கை, அதற்குத்தான். கையில் ஒன்றும் இல்லையென்றால் அது தாடைப் பக்கம் இருக்கட்டும்.

வெறும் முஷ்டியால் மண்டையில் குத்துவது

கையுறை இல்லாமல் நெற்றி எலும்பில் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் நம் கைதான். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்பு முறியும். மருத்துவர்கள் அதற்கு 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கராத்தேயில் முதல் இரண்டு மூட்டுகளால் குத்து என்பதும், மகிவாரா என்ற குத்துப் பலகையில் வருடக்கணக்கில் பழகச் சொல்வதும் காரணத்தோடுதான். ஆனால் மகிவாராவைத் தொட்டே பார்க்காதவர்கள் முகத்தில் குத்தப் போகிறார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முஷ்டியின் பக்கவாட்டுச் சதை மூன்றும் பத்திரமானவை. கட்டாக்களில் இவை நிறையவே இருக்கின்றன. நேர்க்குத்தை உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தலை உயர உதை

தெருவில் வேண்டாம். ஜீன்ஸ், செருப்பு, மணல். தொடைக்கு மேல் காலைத் தூக்காதீர்கள்.

கத்தி

ஓடுங்கள்.

விழுந்தவனை அடிப்பது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உங்களைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குத்தான் உரிமை. அவன் விழுந்து கிடக்கும்போது போடும் இரண்டாவது அடியோடு நீங்கள் தாக்கியவர் ஆகிவிடுவீர்கள். வகுப்பில் 'முடிக்கும் அடி' என்று கீழே கிடப்பவனின் முகத்தை நோக்கிக் குத்திக் காட்டும் பழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மூன்றடி பின்வாங்கிச் சுற்றும் பார்க்கச் சொல்கிறேன், இன்னொருவன் நிற்கிறானா என்று.

ஒரு தோல்வியைப் பார்த்து எல்லாவற்றையும் தூக்கிப்போடுவது

இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. 1994இல் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிக்கொள்ளும் யுஎஃப்சியின் இரண்டாவது போட்டியில் தைதோ ஜுகு கராத்தேக்காரரான மினோகி இச்சிஹாராவை ஜியு ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி தரையில் வீழ்த்தி, அவர் உடுப்பின் காலரைக் கொண்டே கழுத்தை நெரித்துத் தோற்கடித்தார். அந்தக் காலத்தில் கராத்தே செத்துவிட்டது என்று எத்தனை பேர் வகுப்பை விட்டுப் போனார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

பதினைந்து வருடம் கழித்து, 2009 மே மாதம், லியோட்டோ மச்சிடா அதே யுஎஃப்சியில் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அப்பா யோஷிசோ மச்சிடா ஜப்பானிலிருந்து பிரேசிலுக்குக் குடியேறிய ஷோட்டோகான் கராத்தே ஆசிரியர். மகன் காட்டியது நம் வகுப்பில் இருக்கும் சரக்குதான்: தள்ளி நிற்பது, எதிராளி காலெடுத்து வைக்கும் நொடியில் உள்ளே பாய்ந்து க்யாகு சுகி என்ற பின்கைக் குத்து, பின்னங்கால் எதிர்பாராமல் எழும்பும் மாயே கெரி என்ற முன் உதை. 2011இல் டொராண்டோவில் ராண்டி கூச்சரை வீழ்த்தியது துள்ளி எழுந்து போட்ட ஒரு முன் உதை. ஆனால் மச்சிடா கராத்தேயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஜியு ஜிட்சுவில் பிளாக் பெல்ட், சிறுவயதிலிருந்தே சுமோ. தன் கலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து அதை அடைத்தார்.

முழு பலத்தோடு அடித்து ஆடும் கியோகுஷின் கராத்தேக்காரர்களுக்கும் இதே பேச்சு பொருந்தும். உடம்பில் வாங்கும் பலம் அவர்களுக்கு அபாரம். ஆனால் அவர்களுடைய போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது என்பதால், பலருக்குக் கை தானாகவே கீழே இறங்கிவிடும். என் நண்பன் ஒருவன் ஆறு மாதம் பாக்ஸிங் ஜிம்முக்குப் போய் அதைச் சரிசெய்துகொண்டான். இப்போது அவனோடு ஆடுவது பெரும்பாடு.

பச்சை பெல்ட் பையனிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன், அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்புறம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினேன். என்ன தடுப்பு போடுவது என்று தெரியாமல் விழித்தான். முதலில் தலையை மூடு என்றேன். மூடினான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது மருந்துக்கடையிலோ ஸ்போர்ட்ஸ் கடையிலோ பல்லுக்கு ஒரு மவுத் கார்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.