வாடகைக்கு விடும் முன் ஒரு போன்

வீடு கேட்டு வருபவரைப் பற்றி இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட, அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள். குடியிருப்பவர் காலி செய்தால் போதும் என்றிருக்கும் இப்போதைய ஓனர், "தங்கமான மனுஷங்க" என்றுதான் சொல்வார். பழைய ஓனருக்கு அந்த அவசரம் கிடையாது. "ஆள் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வாடகை எந்தத் தேதிக்குள் வரும், போகும்போது கரண்ட் பில் பாக்கி இருந்ததா, அட்வான்ஸில் எவ்வளவு கழித்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலிலேயே சுவரில் அடித்த ஆணி முதல் உடைந்த குழாய் வரை எல்லாம் வந்துவிடும்.

புதிதாகக் கல்யாணமானவர்கள், முதல் வேலைக்காக ஊர் மாறி வருபவர்கள் விஷயத்தில் இது உதவாது. அவர்களுக்குப் பெரும்பாலும் பழைய ஓனரே இருக்கமாட்டார். வேலை பார்க்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.