ஸ்கேலும் தண்ணீர் பாட்டிலும்: உத்தரத்தின் வளைவைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், உயரம் ஒத்த இரண்டு ஸ்டூல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், கொஞ்சம் நூல். இவ்வளவு போதும். ஸ்டூல்களுக்கு நடுவே 250 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கேலைப் படுக்கையாக வையுங்கள். முனைகளை ஒட்டவோ கட்டவோ வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கட்டும். இதைத்தான் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் என்கிறார்கள்; ஸ்கேல்தான் நம் உத்தரம். பாட்டிலைச் சரியாக நடுவில் நூலால் தொங்கவிடுங்கள்.

படி 1: சுமை. தண்ணீரும் பாட்டிலும் சேர்ந்து சுமார் 510 கிராம். 0.51 × 9.8 = 5 நியூட்டன்.

படி 2: வளைவுத் திருப்புத்திறன் (பெண்டிங் மொமென்ட்), அதாவது ஸ்கேலை வளைக்கும் விசையை தூரத்தால் பெருக்கியது. ஒவ்வொரு ஸ்டூலும் தாங்குவது சுமையில் பாதி, அதாவது 2.5 நியூட்டன். ஸ்டூல் விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை 125 மி.மீ. பெருக்கினால் 312.5 நியூட்டன் மி.மீ. இது நடுவில் உள்ள உச்ச அளவு. தாங்கும் இடங்களில் பூஜ்யம், இடையில் நேர்கோடாக ஏறி இறங்கும்.

படி 3: விறைப்பு. என் ஸ்கேலின் அகலம் 25 மி.மீ., தடிமன் 1 மி.மீ. அகலம் × தடிமன்³ ÷ 12 = 2.083 மி.மீ.⁴. இதுதான் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு. எஃகின் யங் குணகம் (பொருள் நீள மறுக்கும் அளவு) சதுர மி.மீ.க்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன். இரண்டையும் பெருக்க, ஏறத்தாழ 4,16,667; இதுதான் விறைப்பு.

தடிமனைக் கண்மதிப்பில் போடாதீர்கள், திருகு அளவியால் அளந்துவிடுங்கள். 0.9 மி.மீ. என்றாலே விறைப்பு 27 சதவீதம் போய்விடும், மும்மடியின் வேலை அது. அதே ஸ்கேலை அகலப்பக்கம் செங்குத்தாக இருக்கும்படி விளிம்பின் மேல் வைத்தால் விறைப்பு 625 மடங்கு! வீட்டு உத்தரங்களை அகலத்தைவிட உயரம் கூடுதலாகப் போடுவது இதனால்தான்.

படி 4: வகுத்தல். வளைவு = திருப்புத்திறன் ÷ விறைப்பு. 312.5 ÷ 4,16,667 = மி.மீ.க்கு 0.00075. தலைகீழாக்கினால் வளைவு ஆரம் 1,333 மி.மீ. நடுப்புள்ளியில் ஸ்கேல் 1.33 மீட்டர் ஆர வட்டத்தின் துண்டுபோல வளைந்திருக்கிறது.

கணக்கு முடிந்தது. ஆனால் பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான்.

நடுவில் ஸ்கேல் எவ்வளவு இறங்கும்? சுமை × நீளம்³ ÷ (48 × விறைப்பு) = 3.9 மி.மீ. இந்த இறக்கத்தை வைத்து, ஸ்கேல் முழுவதும் ஒரே வட்டவில் என்று நினைத்து ஆரம் கண்டுபிடித்தால் 2 மீட்டர் வரும். நமக்கு வந்ததோ 1.33. எது தப்பு? வட்டவில் என்று எடுத்துக்கொண்டதுதான். வளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது. முனைக்கும் நடுவுக்கும் பாதி வழியில் திருப்புத்திறன் பாதி, அதனால் ஆரம் இரட்டித்து 2.67 மீட்டர். தாங்கும் இடத்தில் வளைவே இல்லை. அங்கேதான் ஸ்கேல் அதிகம் சாய்ந்து தெரியும், அதைப் பார்த்து அதிகம் வளைந்த இடம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். சாய்வு வேறு, வளைவு வேறு. சாய்வு மாறும் வேகம்தான் வளைவு.

அப்புறம், ஸ்கேலின் சொந்த எடையை நாம் சேர்க்கவில்லை. சேர்த்தால் நடுவில் திருப்புத்திறன் சுமார் 5 சதவீதம் கூடும். இறக்கத்தைச் சரிபார்க்கும்போது, பாட்டில் தொங்குவதற்கு முன்பும் பின்பும் தரையிலிருந்து ஸ்கேலின் உயரத்தை அளந்து கழியுங்கள். சொந்த எடையால் வந்த இறக்கம் அதிலேயே அடிபட்டுவிடும்.