பராமரிப்பு இல்லப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி? புதிய தன்னார்வலர்களுக்கான வழிமுறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், தீபாவளி நெருங்கும்போது பராமரிப்பு இல்லங்களுக்குப் புத்தாடையும் விருந்துச் சாப்பாடும் வந்து குவிகின்றன. பண்டிகை முடிந்த பிறகு, பிள்ளைகளைப் பார்க்க வருவோர் குறைந்துவிடுகின்றனர். ஆகவே, குறைந்தது ஓராண்டுக்குத் தவறாமல் உங்களால் எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமைதான் முடியுமென்றால், அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, அந்த இல்லம் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியுங்கள். உங்களைப் பற்றிய பின்னணிச் சோதனைக்கும் நீங்களே முன்வந்து ஒப்புக்கொள்ளுங்கள். இல்லத்தார் கேட்கவில்லை என்றாலும் கேட்கச் சொல்லுங்கள். அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்பதால் இதில் மனக்கசப்புக்கு இடமில்லை.

முதல் சில வாரங்களில் பேச்சைவிட உடனிருப்பே முக்கியம். பெற்றோர் எங்கே, ஏன் இங்கு வந்தாய் என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாடத்தில் உதவுவது நல்ல தொடக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, மலாய் மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே திணறுவதுண்டு; அவர்களோடு அமர்ந்து மலாய்ப் பாடநூலை ஒவ்வொரு பத்தியாக வாசித்து, பொருளைத் தமிழில் பேசிப் பார்ப்பது, பரிசுப் பொருள்களைவிட நெடுநாள் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பூப்பந்து, சமையல், தோட்டவேலை என்று பிள்ளை விரும்பும் எதுவும் நட்புக்கு வழியாகும். எப்போதும் மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பணமோ கைப்பேசியோ கொடுக்காதீர்கள்.

படம் எடுத்து முகநூலில் போடவே வேண்டாம். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், பாதுகாப்பில் எடுக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளை ஒன்றைச் சொல்ல வந்தால், இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நிதானமாகக் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள், சொன்னது உண்மையா என்று வாதிடாதீர்கள். துன்புறுத்தல் என்று ஐயம் எழுந்தால், இல்லப் பொறுப்பாளருக்கும் சமூகநல அலுவலகத்திற்கும் அன்றே தெரிவியுங்கள்; இல்லத்தைச் சேர்ந்தவர் மீதே ஐயம் என்றால், 15999 என்ற, அரசின் ‘தாலியான் காசே’ (Talian Kasih) உதவித் தொலைபேசி எண்ணை நேரடியாக அழையுங்கள்.

வேலை மாற்றத்தாலோ திருமணத்தாலோ வருகையை நிறுத்த நேர்ந்தால், சில வாரங்களுக்கு முன்பே பிள்ளையிடம் நீங்களே நேரில் காரணத்தைச் சொல்லி, கடைசி வருகை எந்த நாள் என்பதையும் தெரிவித்து, அந்த நாளில் கட்டாயம் வாருங்கள்.