கல்லடிக் கடற்கரையிலிருந்து வெஸ்டா சிறுகோளைப் பிடிப்பது எப்படி?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் நமக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது வெஸ்டா. அதைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. 7×50 பைனாகுலர், கொப்பி, பென்சில் போதும்.

முதலில் காலம். ஏறக்குறைய 17 மாதத்துக்கு ஒருமுறை வெஸ்டா சூரியனுக்கு நேரெதிரே வரும். அந்தக் கிழமைகளில் பொழுது படும்போது கிழக்கே எழும்பி விடியும்வரை வானில் நிற்கும். கிழக்கே கடல் திறந்து கிடக்கும் மட்டக்களப்பாருக்கு நல்ல வசதி! மாரியில் முகில் விடாது. கச்சான் காற்று வீசும் காலத்தில் வந்தால் அதிர்ஷ்டம். தேதியையும் இடத்தையும் ஸ்டெல்லேரியம் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். நிலா இல்லாத இரவு நல்லது.

வீதி விளக்கு படாத மணலில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும், அதுவரை போனைத் தொடாதீர்கள்.

சரி, இப்போதுதான் உண்மையான வேலை. செயலி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம் ஒன்றுக்குப் பைனாகுலரைத் திருப்புங்கள். வட்டத்துக்குள் தெரியும் புள்ளிகள் அத்தனையையும் வரையுங்கள். வெஸ்டாவும் வெறும் புள்ளிதான், பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. இரண்டு இரவு கழித்து அதே இடத்தைத் திரும்ப வரையுங்கள். அது ஒரு நாளில் நிலாவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நகரும். இடம் மாறிய புள்ளி எதுவோ அதுவே வெஸ்டா. செயலியை நம்பி இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். நகர்வைத் தன் கண்ணால் காண்பதுதான் கண்டுபிடிப்பு.

ஜெர்மனியின் பிரேமன் நகரத்து மருத்துவர் ஒல்பர்ஸ் 1807 மார்ச் 29 அன்று வெஸ்டாவை முதன்முதலில் கண்டார். உடைந்த கோள் ஒன்றின் துண்டுகளே அதற்கு முன் தெரிந்திருந்த சிறுகோள்களான சீரிஸும் பல்லஸும் என்று எண்ணி, அவற்றின் பாதைகள் சந்திக்கும் வான்பகுதிகளை ஆண்டுக்கணக்காகத் துழாவினார். அந்த எண்ணம் பிழை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தேடல் வெஸ்டாவைத் தந்தது. பெயர் வைத்தவர் கணித மேதை காஸ்.

அந்தப் புள்ளியின் சராசரி விட்டம் சுமார் 525 கிலோமீற்றர். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையான நம் தீவின் நீளமே 430 கிலோமீற்றர் அளவுதான். வெஸ்டா 5 மணி 20 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். 2011இல் நாசாவின் டோன் விண்கலம் அதை நெருங்கிச் சுற்றியபோது, தென்முனையில் 500 கிலோமீற்றர் அகலப் பள்ளமும் அதன் நடுவே 20 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்த மலையும் தெளிவாகத் தெரிந்தன. அப்படியான மோதல்களில் சிதறிய கற்கள் சில பூமியிலும் விழுந்திருக்கின்றன.

இரண்டாவது படத்தில் எதுவும் நகரவில்லையா? பைனாகுலர் தவறான நட்சத்திரத்தில் நின்றிருக்கும். செயலியைத் திறந்து, தொடக்க நட்சத்திரத்தைச் சரிபார்த்து மறுபடி வரையுங்கள்.